நாயேன் என்பார் வாயிலில்

திருச்சிற்றம்பலம்

சைவ நன்மக்கள் நாடோறும் இறைவன் திருமுன்னர் நின்று சொல்லுஞ் சொற்களுள் 'நாயேன்' என்பதைப்போல எளிதாக வாயில் வருவது பிறிதொன்றில்லை. மாணிக்கவாசக சுவாமிகள் தம்மை நாயாகக் கூறிக்கொண்ட இடங்கள் திருவாசகத்தில் மிகப்பல. அவற்றை ஓதி உள்ளம் உருகாத அன்பர் இலர். பெரியோர்க்கு வரையுந் திருமுகங்களின் இறுதியிலும் 'நாயடியேன்' எனக் கையொப்பமிடுதல் நம் முன்னோர் வழக்கம். ஆயின், அச்சொல்லைச் சொல்லி முடித்துத் திருநீறு தரித்து வாயிற்கதவைத் திறக்குங்கால், ஆண்டு மழையில் நனைந்து ஒடுங்கி நிற்கும் மெய்யான நாயொன்றைக் கண்டால் நம் கை யாது செய்கின்றது? பெரும்பாலும் ஒரு கோலைத் தேடுகின்றது. கோல் அகப்படாவிடத்துக் கல்லைத் தேடுகின்றது. வாய்ச்சொல்லுக்கும் கைச்செயலுக்கும் இடையே கிடக்கும் இந்நெடுந்தொலைவைச் சிறிது ஆராய்தலே ஈண்டுக் கருதியது. அதற்குச் சென்னை மயிலாப்பூரில் வாழும் ஒரு பெரியவர்க்கு நேர்ந்ததை முதற்கண் கூறுதல் பொருத்தமாகும். அவர் பெயர் வேண்டா. அவர் நிலையில் நம்மிற் பலர் இருத்தலின்.

அப்பெரியவர் அரசாங்க அலுவலினின்றும் ஓய்வு பெற்றவர், சிவதீக்கை உடையவர், புலாலை மனத்தாலும் நினையாதவர். வைகறையில் நீராடிப் பூசை முடித்துத் திருவாசகத்தில் ஒரு பகுதியேனும் ஓதினாலன்றி ஒருவாய் நீரும் பருகார். மாலையிற் கபாலீச்சரஞ் சென்று வழிபடுவர். ஓர் ஐப்பசித் திங்களில் இரவு முழுதும் பெருமழை பொழிந்தது. தெருவில் திரியும் பெட்டைநாய் ஒன்று, தான் ஈன்று சின்னாளே ஆகிய குட்டிகள் நான்கினையும் ஒவ்வொன்றாய்க் கவ்விக் கொணர்ந்து அவர் வீட்டுத் திண்ணை மூலையில் இட்டுத் தன் உடம்பால் மூடிக்கிடந்தது. விடியலிற் கதவைத் திறந்த பெரியவர் அதனைக் கண்டார். பூசைவேளை தவறுமே, வாயில் தீட்டாயிற்றே என்னுங் கவலையால் சினந்து, ஒரு வாளி நீரை அதன்மேல் வீசினார். கோலால் அடித்துத் துரத்தினார். குட்டிகளைச் சாக்கிலிட்டுத் தெருமுனையில் வைத்துவர வேலையாளை ஏவினார். பின்னர் மீண்டும் நீராடிப் பூசையில் அமர்ந்தார். அன்று அவர் ஓதியதும் திருவாசகமே.

நண்பகலுக்குள் தெருவில் முழங்காலளவு வெள்ளம் பெருகிற்று. தாய்நாய் குட்டிகளைத் தேடி அங்குமிங்கும் ஓடுகையில் ஒரு மோட்டார் வண்டியின் கீழ் அகப்பட்டு மாண்டது. மூன்று குட்டிகளை வெள்ளம் கொண்டது. எஞ்சிய ஒன்றைப் பெரியவரின் பேர்த்தி, எட்டு வயதுச் சிறுமி, தன் துவாலையிற் சுற்றி எடுத்துவந்து அவர்முன் நின்றாள். அவள் அழவில்லை, வினவினாள்.

"தாத்தா, நீங்கள் தினமும் சுவாமியிடம் நாயேன், நாயேன் என்று சொல்கிறீர்களே. சுவாமியும் உங்களைக் கோலெடுத்து அடித்தால் நீங்கள் எங்கே போவீர்கள்?"

பெரியவர் விடை கூறவில்லை. கூறுதற்கு விடை இருந்ததுமில்லை. அன்று மாலை அவர் திருவாசக ஏட்டைத் திறந்து, ஓதாமல் மூடிவிட்டார்.

மறுநாள் மழை சிறிது ஓய்ந்தபின், அக்குட்டியை நகரின் தென்பாகத்திலுள்ள ஒரு விலங்குப் புகலிடத்திற்கு அவர் பேர்த்தியுடன் எடுத்துச் சென்றார். அஃது உயிர்க்கொலை செய்யாத புகலிடம். அஃதாவது, இடமில்லை, உணவில்லை, கொள்வாரில்லை என்னுங் காரணம் பற்றி எந்த உயிரையும் மாய்த்தல் அங்கில்லை. வண்டியில் அடிபட்டனவும், கண்ணிழந்தனவும், மூப்பினால் வீட்டார் கைவிட்டனவும் ஆகிய நாய்களும் பூனைகளும் ஆண்டு இருந்தன. உயர்ந்த விலைக்கு வாங்கப்பெற்று, நோய் வந்தவுடன் இரவோடிரவாக வாயிலிற் கட்டிவிட்டுச் செல்லப்பட்ட அயல்நாட்டு இன நாய்களும் சில இருந்தன. பெரியவர் குட்டியை ஒப்படைத்து, ஒரு தொகையையும் கொடுத்து, தம் கடன் முடிந்ததெனக் கருதி எழுந்தார். அப்பொழுது அங்குப் பணிபுரியும் ஒருவர் மிகப் பணிவாகச் சொன்னார்: "கொண்டுவந்து விடுவோர் தினமும் வருகிறார்கள் ஐயா. அழைத்துக்கொண்டு போவோர்தாம் வருவதில்லை. இங்கே இருக்கும் ஒன்று ஒரு வீட்டுக்குப் போனால்தான் வெளியே இருக்கும் ஒன்று உள்ளே வரமுடியும்."

இவ்வொரு சொல்லில் இத்தகைய நிலையங்களின் இயல்பு முழுதும் அடங்கிக் கிடக்கின்றது. கொல்லாமையை நோன்பாகக் கொண்ட புகலிடம் ஓர் ஏரியை ஒக்கும். வரத்துக்கால் உண்டாய்ப் போக்குமடை இல்லாத ஏரி விரைவில் நிரம்பிக் கரை உடையும். நிரம்பிய புகலிடத்தில் நோய் பரவும், உணவு குறையும், புதிதாய் வரும் உயிரை வாயிலிலேயே மறுக்க நேரும். ஆண்டுக்கு ஒருமுறை பொருளுதவி செய்துவிட்டு அமைதியுறுவார், ஏரிக்கு நீர் விடுவாரேயன்றி மடையைத் திறப்பார் அல்லர். பொருள் வேண்டும், பழந்துணி வேண்டும், அரிசியும் மருந்தும் வேண்டும், நாடோறும் ஒரு நாழிகை சென்று உதவுங் கைகளும் வேண்டும். இவையெல்லாம் அறமே. எனினும் ஒரு வீடு ஓருயிரை ஏற்றுக்கொள்ளுமிடத்தே இரண்டு உயிர்கள் காக்கப்படுகின்றன என்பதை மறத்தலாகாது. கொண்டுபோய் விடுதல் அறத்திற் பாதி. கொண்டுவருதலே மற்றைப் பாதி.

இனி, திக்கற்ற விலங்குக் குட்டிகளை எடுத்து வளர்த்தல் நம் சமயத்துக்குப் புதியதோவெனின், அன்று. ஆலவாயிற் சோமசுந்தரக் கடவுள் நிகழ்த்திய அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் பன்றிக்குட்டிகளுக்கு முலைகொடுத்ததும் ஒன்றென்பதைச் சைவருள் அறியாதார் யார்? முற்பிறப்பிற் பெற்றோர் சொற்கேளாது தீநெறி ஒழுகி, வியாழ பகவானின் சாபத்தாற் பன்றி வயிற்றிற் பிறந்தவர் அப்பன்னிருவர். பாண்டியன் வேட்டையில் அக்குட்டிகளின் தந்தையும் தாயும் மாண்டன. பாலின்றித் துடித்த அவற்றின் துயரை நோக்கி, இறைவன் அவற்றின் தாய்ப்பன்றியின் வடிவே தாங்கி வந்து பாலூட்டினான் என்பது வரலாறு. ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கன இரண்டு. அக்குட்டிகள் தூய விலங்கும் அல்ல. முன்னை நல்வினை உடையனவும் அல்ல. தம் தீவினையாலேயே அந்நிலையை அடைந்தன. அவ்வாறிருந்தும் இறைவன் அவற்றின் தகுதியை ஆராய்ந்திலன், பசியை ஆராய்ந்தான். மற்றொன்று: தேவருலகத்து அமுதத்தை வருவித்து ஊட்டுதல் அவனுக்கு அரிதன்று. அங்ஙனம் செய்யாது, உலகம் இழிந்ததென்று ஒதுக்கும் அவ்வுடம்பினைத் தானே மேற்கொண்டு, சேற்றில் கிடந்து ஊட்டினான். தாயுமானவன் என்னுந் திருநாமம் இதனினும் விளங்க வேறோரிடம் வேண்டுமோ?

நாட்டு வரலாற்றை நோக்கினும் இவ்வறம் தொன்றுதொட்டு வருவதே. கூர்ச்சர நாட்டுச் சமணப் பெருமக்கள் மூத்தனவும் முடம்பட்டனவுமாகிய விலங்குகளைச் சாங்காறும் காக்கும் 'பாஞ்சராபோல்' என்னும் நிலையங்களைப் பன்னெடுங்காலமாக நடத்தி வருகின்றனர். பம்பாய் நகரில் 1832-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியார் தெருநாய்களைக் கொல்லுமாறு கட்டளையிட்டபொழுது, பார்சியர் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்து கடையடைத்தனர். அக்கலகத்தின் பின்னர், 1834-இல், ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சி வணிகரும் பிறரும் கூடி அந்நகரில் ஒரு பாஞ்சராபோல் நிறுவினர்.

நம் சென்னையில் நடந்ததும் அறியத்தக்கது. இங்கும் ஆங்கிலேயர் காலந்தொட்டு நகராட்சியார் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தனர்; நாடு விடுதலை பெற்ற பின்னரும் மின்விசையாற் கொல்லுதல் நெடுங்காலம் நிகழ்ந்தது. 1959-ஆம் ஆண்டு மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகள் இரண்டினை விமானியாகிய கேப்டன் சுந்தரம் என்பார் எடுத்துத் தம் இல்லத்தில் வைத்துக் காத்தனர். புளூ கிராஸ் என்னும் விலங்குநலச் சங்கம் அவ்விரு குட்டிகளினின்றே தோன்றிற்று. மழைநீரில் நடுங்கிய உயிர் இரண்டிற்கு ஒரு வீட்டுக்கதவு திறந்தமையால், பின்னர் எத்துணையோ ஆயிரம் உயிர்கட்கு ஒரு நிலையம் வாய்த்தது. மயிலாப்பூர்ப் பெரியவர் இவ்வரலாற்றைக் கேள்வியுற்ற அன்று, தம் திண்ணையையும் அவ்வில்லத்தையும் ஒப்பிட்டு நெடுநேரம் வாளாவிருந்தனராம். மழையும் ஒன்றே, குட்டிகளும் ஒரே தன்மையன, கதவுகள்தாம் வேறு.

நாய்களைக் கொல்வதினும் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விடுதலே முறையென அச்சங்கத்தார் 1964 முதல் வற்புறுத்தி வந்தனர். 1996-இல் சென்னை மாநகராட்சி கொலையைக் கைவிட்டு இம்முறையை மேற்கொண்டது. 2001-இல் நாடு முழுமைக்கும் இதற்கென மத்திய அரசு விதி வகுத்தது. 2023-இல் புதிய விதிகள் வந்தன. இதன் காரணம் இரக்கம் மட்டுமன்று; அறிவும் ஆகும். ஒரு தெருவின் நாய்களைக் கொன்றொழித்தால், அங்குக் கிடக்கும் எச்சில் உணவை நாடி அயற்றெரு நாய்கள் வந்து நிறையும். அவை தடுப்பூசி இடப்பெறாதன. ஊசியிட்ட நாய்கள் ஒரு தெருவில் நிலையாக இருக்குமாயின், அவையே நோய்க்கு அரணாம். ஒரூர் நாய்களில் நூற்றுக்கு எழுபதிற்குத் தடுப்பூசி இட்டுவரின் வெறிநோய் பரவுதல் அற்றுப்போம் என்பது மருத்துவர் துணிபு. காதில் சிறு வெட்டடையாளமுள்ள தெருநாயைக் கண்டால், அது கருத்தடையும் ஊசியும் பெற்றதென்று அறிந்துகொள்ளலாம்.

நாய்க்கடி அஞ்சத்தக்கதன்று என்பது இதன் பொருளன்று. வெறிநாய்க்கடி நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவருட் பலர் இந்நாட்டினர், பலர் சிறுவர். குழந்தையை இழந்த தாயின்முன் நின்று சீவகாருணியம் பேசுவார், முதலில் அத்தாயின் துயரைத் தம் துயராகக் கொள்ளல் வேண்டும். கடிபட்டார் கடிவாயைச் சோப்பிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, சிறிதும் தாழாது அரசினர் மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும். நோய் தோன்றியபின் மருந்தில்லை. இவ்வச்சம் உண்மையாதலாலேயே 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பதினொரு நாளிலேயே அவ்வாணையைத் திருத்திற்று. பின்னரும் அவ்வழக்கில் ஆணைகள் பிறந்தன. வழக்கின் முடிவு யாதாயினும் ஓருண்மை அதனால் விளங்கிற்று. தெருவிலுள்ள உயிர்கள் அத்தனைக்கும் அடைக்குமிடம் கட்டி முடித்தல் எவ்வரசுக்கும் எளிதன்று. கட்டிடம் இல்லாவிடத்தும் வீடுகள் உள. ஒரு வீட்டில் வளரும் நாய் ஆண்டுதோறும் ஊசி பெறும். பசியால் பாய்ந்து கடிக்க வேண்டாதிருக்கும்.

இனி, சைவர்கள் எழுப்பும் தடைகள் சில உள. அவை எளியன அல்ல. மயிலாப்பூர்ப் பெரியவரையும் அவை பல நாள் அலைத்தன.

முதற்றடை ஆசாரம் பற்றியது. நாயைத் தீண்டினால் நீராட வேண்டும் என்னும் விதி இருக்க, சிவபூசை செய்யும் இல்லத்தில் அதனை வளர்த்தல் தகுமோ? பெரியவர் இதனைத் தம்முடன் பயின்ற ஓர் ஓதுவாரிடம் வினவினார். அவர் நகைத்து, "நீர் நாடோறும் கோயிலுக்குப் போகிறீரே, வைரவர் எங்கே நிற்கிறார்?" என்றார். "வடகிழக்கில், பிராகாரத்தில்" என்றார் பெரியவர். "உடன் நிற்பது யாது?" "நாய்." "அந்நாய் கருவறைக்குள் இருக்கிறதா?" "இல்லை." "மதிலுக்கு வெளியே இருக்கிறதா?" "இல்லை." "அவ்வளவுதான் ஐயா. கருவறையில் வைக்கவேண்டா, மதிலுக்கு வெளியே தள்ளவும் வேண்டா. ஆகமம் வகுத்த இடம் பிராகாரம். உம் வீட்டுக்கும் ஒரு பிராகாரம் உண்டு. அதற்குத் திண்ணை என்று பெயர்."

இதனினும் தெளிவான விடை வேண்டா. ஆசாரம் நம்மை அடக்குதற்கு வந்தது. பிறவுயிரை அடித்தற்கு வந்ததன்று. தீண்டினால் நீராடுக என்றது விதி. ஆகலிற் கொல்லுக என்றதில்லை, பட்டினியிடுக என்றதுமில்லை. தனிக் கலம், தனியிடம், பூசைக்கு முன் நீராட்டு என்னும் இம்மூன்றும் இருப்பின் ஆசாரமும் நிற்கும், அருளும் நிற்கும். கல்லில் வடித்த நாய்க்கு எண்ணெய்க் காப்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயிலில் மூச்சுவிடும் நாய்க்குக் கல்லெறிதல் எவ்வாகமத்தின் விதியோ?

இரண்டாந்தடை வினை பற்றியது. அவ்வுயிர் தன் வினைப்பயனை நுகர்கின்றது. இடைபுகுதற்கு நாம் யார் என்பர். வினை செய்வான், வினை, அதன் பயன், அப்பயனைச் சேர்ப்பிக்கும் இறைவன் என நான்கனைச் சாக்கிய நாயனார் தெளிந்தனர் என்று சேக்கிழார் பெருமான் அருளினார். பயனைச் சேர்ப்பிப்பவன் இறைவனாயின், அதனைச் சேர்ப்பிக்கும் கருவிகளுள் நாமும் அடங்குவோம் அன்றோ? தாய் இறந்த குட்டிக்குப் பசி வினையால் வந்ததாயின், அது நம் திண்ணையில் வந்து கிடந்ததும் வினையால் வந்ததே. அங்கே கல்லாக அமைவதா, கவளமாக அமைவதா என்பது மட்டுமே நம்பால் விடப்பட்டது. கல்லாக அமைவார்க்கு அதன் பயன் ஆகாமியமாய் ஏறும் என்பதை இத்தடை கூறுவார் மறந்துவிடுகின்றனர். தம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வினையென்று வாளாவிராது மருத்துவரை நாடுபவர், நாய்க்கு மட்டும் வினையை ஓதுதல் நடுவுநிலை அன்று.

மூன்றாந்தடை, மக்கள் பசித்திருக்க விலங்குக்கு ஊட்டுவதோ என்பது. வடலூரில் 1867-இல் வள்ளற்பெருமான் தருமசாலை தொடங்கி மக்களின் பசியை ஆற்றினார். பிறவுயிர்களின் வருத்தத்தையும் அவர் அவ்வாறே தம் வருத்தமாகக் கொண்டனர் என்பதை அவர் நூல்களைக் கற்றார் அறிவர். இரக்கம் ஒருவர்க்கு ஈந்தால் மற்றொருவர்க்குக் குறைந்துபோம் பொருளன்று, விளக்கிலிருந்து விளக்கேற்றினாற்போல்வது. நாய்க்கு ஒரு பிடி இடாதவர் அப்பிடியை ஏழைக்கு இட்டதாகக் கண்டாரும் இல்லை.

நான்காந்தடை கருத்தடை பற்றியது. உயிர்கள் உடம்பெடுத்தலைத் தடுத்தல் பாவமன்றோ என்பர். நாய் ஏறத்தாழ அறுபத்துமூன்று நாளில் ஈனும். ஆண்டுக்கு இருமுறையும் ஈனக்கூடும். ஓரீற்றில் நான்கைந்து குட்டிகளும் அவற்றின் மிக்கனவும் உண்டு. தெருவிற் பிறப்பனவற்றுட் பெரும்பகுதி பசியாலும் நோயாலும் வண்டிகளாலும் குட்டிப்பருவத்திலேயே மடிகின்றன. இறைவன் உயிர்கட்கு உடம்பளிக்கும் வழிகள் அளவிறந்தன. நம் தெருவின் சாக்கடையில் ஒருவழியை அடைத்தலால் அவன் படைப்பு முடங்கிப்போகாது. பிறந்தபின் வெள்ளத்திலிட்டுக் கொல்லும் பாவத்தினின்று மக்களைக் காத்தற்கும் இஃதொரு வேலி எனக் கொள்ளல் தகும்.

இத்தடைகட்கெல்லாம் அடியில் உயிரைப்பற்றிய மயக்கம் ஒன்று கிடக்கின்றது. உயிர்கள் பல, அநாதி, ஆணவத்தாற் கட்டுண்டன, இருவினைக்கீடாக வெவ்வேறு உடம்பெடுத்து உழல்வன என்பது சித்தாந்தத்தின் முடிந்த கொள்கை. நாய் என்பது ஓர் உடம்பின் பெயரேயன்றி உயிரின் பெயரன்று. அவ்வுடம்பில் இன்று நிற்கும் உயிரும் இவ்வுடம்பில் இன்று நிற்கும் உயிரும் தன்மையால் ஒன்றே. ஆகலின் மாணிக்கவாசகர் தம்மை நாயென்றது வெறும் பணிவுரை மட்டுமன்று, மெய்யுரையும் ஆம். தலைவனையே நோக்கிக் கிடத்தல், எறிந்தாலும் மீண்டு வருதல், பிறர்வாயிலை நாடாமை என்னும் இக்குணங்கள் அடியார்க்குரியன. அவற்றை மூன்றாண்டுப் பழக்கத்தில் நாயிடம் காணலாம். முப்பதாண்டுப் பூசையிலும் நம்மிடம் காணுதல் அரிது.

பெரியவர் பதினைந்து நாள் கழித்து மீண்டும் அப்புகலிடஞ் சென்றார். தாம் விட்டுவந்த குட்டியையே கொணர்வது அவர் கருத்து. அதனை வேறொரு குடும்பத்தார் முன்னரே மகிழ்ந்து ஏற்றுக்கொண்டனர். குட்டிகளைக் கொள்வார் சிலரேனும் உளர். மூத்தனவற்றைக் கொள்வார் அரியர். ஒரு மூலையில் முன்கால் ஒன்று இழந்த கிழநாய் படுத்திருந்தது. வண்டியில் அடிபட்டு வந்தது. மூன்றாண்டாய் அங்கேயே கிடப்பது. மணி என்பது அதன் பெயர். வருவோர் பேரொலி செய்து தாவும் நாய்களையே நோக்கிச் செல்வர். அது தலையை நிமிர்த்தி ஒருமுறை நோக்கும். பின்னர்த் தலையைக் கீழேயிட்டுக்கொள்ளும். பேர்த்தி அதன்முன் அமர்ந்துவிட்டாள். பெரியவர் அதன் கண்களை நோக்கினார். தாம் நீர் வீசிய அந்நாளிற் கண்டவை அவ்வகைக் கண்களே. "இதனையே தருக" என்றார்.

வீட்டார் முகஞ்சுளித்தனர். குருபூசை நாளில் நெருங்கிய உறவினர் ஒருவர், நாய் கிடக்கும் வாயிலைக் கடந்துவந்து உண்ணேன் எனத் தெருவிலேயே நின்று மீண்டார். நாற்பதாண்டு உடனுண்டவர் அவர். பெரியவர்க்கு அது பெருந்துயரே. எனினும் அவர் நாயை அகற்றினாரல்லர். "அவர் உண்பதற்குப் பத்து வீடு இருக்கிறது; இதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது" என்றொழிந்தார். தொடக்கத்தில் யார் கோலெடுப்பினும் பற்களைக் காட்டி ஒடுங்கிய மணி, ஓராண்டில் பேர்த்தியின் கையிலிருந்து உணவு கொள்ளும் அளவு சாந்தமாயிற்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பதைப் பாடஞ்சொல்லி வந்த பெரியவர், அதனைக் கண்ணாற் கண்டது தம் திண்ணையிலேதான்.

இதனைப் படிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் ஒரு நாயையேனும் பூனையையேனும் வளர்க்கத்தான் வேண்டும் என்பதன்று. இடமும் வாழ்நாளும் உடல்வலியும் இல்லாதார் ஏற்றுப் பின் கைவிடுதல், ஏலாமையினும் தீது. வளர்க்கும் உயிரைப் பசிக்கும் தாகத்திற்கும் இரையாகக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றமாம். நம் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்கள் அவையில் இருந்து முயன்றதன் பயனாகப் பிறந்தது அச்சட்டம். வளர்க்க இயலாதார் ஒரு திங்களின் உணவுச் செலவை ஏற்கலாம். நோயுற்ற ஒன்றைச் சின்னாள் வைத்துப் பேணித் திருப்பி அளிக்கலாம். தெருநாய்க்கு ஊசியும் அறுவையும் செய்விக்கலாம். உணவிடுவார், குழந்தைகள் விளையாடும் இடத்தும் பிறர் வாயிலிலும் இடாது, ஒதுக்கிடத்தில் இட்டு, எச்சிலைத் தூய்மை செய்து செல்லலாம். நாய் வளர்க்க விழைவார் பெருவிலை கொடுத்து வாங்குதற்குமுன், விலையின்றிக் காத்துக்கிடக்கும் ஒன்றைச் சென்று காணலாம். கொள்வார் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி இடுதலை மறவாதொழிக. திருக்கோயில்களைச் சார்ந்த அன்பர்குழாங்கள் அன்னதானத்தில் ஒரு சிறுபகுதியை இத்தகைய புகலிடங்கட்கு அனுப்புதலை வழக்கமாகக் கொள்ளின், வைரவர் திருவுளம் மகிழும் என்பதில் ஐயமில்லை.

இப்பொழுதும் மயிலாப்பூரில் அத்தெருவில் வைகறையிற் செல்வார், திருவாசகம் ஓதும் ஒரு முதிய குரலைக் கேட்கலாம். திண்ணையில் மூன்றுகால் நாயொன்று செவியை நிமிர்த்துக் கிடக்கும். ஓதிவருங் குரல் ஓரிடத்தில் மட்டும் தழுதழுத்துச் சிறிது நின்று, பின்னர்த் தொடரும். முன்னர் அவ்விடத்தை அவர் நிற்காமலே கடந்துசெல்வர் என்று அண்டைவீட்டார் கூறுகின்றனர். அது 'நாயேன்' என்னுஞ் சொல் வருமிடம்.

திருச்சிற்றம்பலம்